சொன்னால் இடம் போய்விடுமா? கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளும் விசேட தேவையுடைய பிள்ளைகளின் குடும்பங்களும்

1. கேள்வி

கொழும்பில் ஒரு பிள்ளையின் பாடசாலை வாழ்க்கை பெற்றோர் கையிலுள்ள கோவையுடன்தான் தொடங்குகிறது. வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வாக்காளர் இடாப்பின் பிரதிகள், மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் தரம் 1 அனுமதிக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போகிறார்கள். குடும்பமும் பாடசாலையும் முதன்முதலாக நேருக்கு நேர் அமரும் இடம் அதுவே. அங்கே குடும்பம் நிரூபிக்க வேண்டியது தன் வதிவிடத்தை. பிள்ளை எந்தச் சத்தத்தைத் தாங்காது, பசித்தால் எப்படித் தெரிவிக்கும், யாரோடு மட்டும் பேசும் என்பவற்றுக்கு அந்தக் கோவையில் தாளில்லை.

விசேட தேவையுடைய பிள்ளையின் பெற்றோருக்கு அந்த அறை இன்னும் கடினமானது. சொல்லலாமா, சொன்னால் இடம் போய்விடுமா என்ற தயக்கத்தோடு உள்ளே போகிறவர்களில் பலர், சொல்லாமலே வெளியே வருகிறார்கள். சில மாதங்களில் வகுப்பாசிரியர் தானாகக் கண்டுபிடிக்கிறார். தாயைக் கூப்பிடுகிறார். ஒருவர் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார், மற்றவர் பிடிபட்டதாக உணர்கிறார். உறவு என்று ஒன்று உருவாகுமுன்பே அதில் விரிசல் விழுந்துவிடுகிறது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரண்டு தமிழ்ப் பகுதிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்வது ஒரே ஒரு கேள்வியை: விசேட கல்வித் தேவையுடைய பிள்ளைகளின் குடும்பங்களும் பாடசாலைகளும் ஏன் பங்காளிகளாக முடிவதில்லை? பெற்றோரின் அறியாமை, ஏற்றுக்கொள்ள மறுக்கும் மனம், ஆசிரியருக்குப் பயிற்சியின்மை என்பனவே வழமையான விடைகள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் மூல காரணம் வேறிடத்தில் இருப்பதாகவே கருதுகிறேன். உண்மையைச் சொல்கிற குடும்பம் எதையாவது இழக்க நேரும் வகையில் நம் அனுமதி முறையும் பரீட்சை முறையும் அமைந்திருக்கின்றன. அந்த அமைப்பு மாறாதவரை எந்தக் கருத்தரங்கும் இந்த உறவைக் கட்டி எழுப்பாது.

2. ஒப்படைத்தலும் சுமத்தலும்: சுருக்கமான வரலாறு

இலங்கையில் விசேட கல்வி நிறுவன வடிவம் பெற்றது 1912இல். மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி தெஹிவளையில் தொடங்கிய பாடசாலையே பின்னர் இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கான பாடசாலையாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் உருவானது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டும் அதுவே. விசேட கல்வியும் மொழிவழி பிரிந்து நின்றது.

இவை விடுதியை மையமாகக் கொண்ட பாடசாலைகள். பெரும் அர்ப்பணிப்போடு நடந்தவை, பல தலைமுறைகளுக்கு எழுத்தும் தொழிலும் கொடுத்தவை. ஆனாலும் குடும்பத்துக்கு அங்கே இருந்த பங்கு ஒப்படைப்பது மட்டுமே. விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை சைகையில் பேசியது, வீட்டாருக்குச் சைகை தெரியவில்லை. பிள்ளையை அறிந்தவர்கள் பாடசாலையில் இருந்தார்கள், பிள்ளைக்கு உரியவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

1960களின் இறுதியில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளில் சேர்க்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. பின்னர் பொதுப் பாடசாலைகளுக்குள் விசேட கல்வி அலகுகள் வந்தன. 1994இன் சலமன்கா பிரகடனத்துக்குப் பிறகு உட்படுத்தல் கல்வி கொள்கை மொழியாயிற்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. 2003இல் தேசியக் கொள்கை உருவானது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது. கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என விரிந்ததும் அதே 2016இல்தான்.

தாள்களில் இது முன்னேற்றத்தின் வரலாறு. குடும்பத்தின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்றும் புலப்படுகிறது. விடுதிப் பாடசாலை பிள்ளையை வாங்கிக்கொண்டது. பொதுப் பாடசாலை பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு வேலையை வீட்டுக்கு அனுப்பியது. பிள்ளையோடு வகுப்பில் வந்து இருங்கள், வெளியே பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள், வீட்டுவேலையை நீங்களே செய்விக்கப் பாருங்கள் என்பவை ஆசிரியரின் கொடுமையிலிருந்து வருபவையல்ல. நாற்பது பிள்ளைகளோடு தனியே நிற்கும் ஒருவரின் இயலாமையிலிருந்து வருபவை. ஆயினும் விளைவு ஒன்றே. அன்று குடும்பம் ஒப்படைத்தது, இன்று சுமக்கிறது. இரண்டு காலத்திலும் அது முடிவெடுக்கவில்லை.

3. 'விழிப்புணர்வு இல்லை' என்ற விளக்கத்தின் வலுவும் வலுவின்மையும்

பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்ற கூற்று எந்த ஆதாரத்தில் நிற்கிறது? இலங்கையில் 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டு என்ற எண் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி வருகிறது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதன் மூலம். ஒரு புறநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டார்கள், நால்வருக்கு ஓட்டிசம் உறுதியானது. நால்வரிலிருந்து நாடு முழுவதுக்குமான எண்ணை எடுப்பதில் உள்ள ஆபத்து வெளிப்படை. ஆய்வாளர்களின் நோக்கமும் அதுவன்று.

அந்த ஆய்வில் நான் அதிகம் மதிக்கும் பகுதி வேறு. பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் எம்-சட் என்ற வினாக்கொத்து அங்கே 25 சதவீத உணர்திறனையே காட்டியது. அதாவது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரை அது தவறவிட்டது. பெற்றோருக்குத் தெரியவில்லை என்று இதை வாசிப்பது எளிது. ஆனால் அக்குழு சென்ற வழி வேறு. பிள்ளையின் நடத்தைகளைப் படங்களாகக் காட்டிக் கேட்கும் புதிய கருவியொன்றை அவர்கள் உருவாக்கினார்கள். கேள்வி அந்நியமான வடிவத்தில் வந்தால் விடையும் அந்நியமாகவே இருக்கும் என்பதை உணர்ந்து செய்த வேலை அது. தாய்க்குத் தெரிந்திருந்தது, கேட்ட விதம்தான் அவளைச் சென்றடையவில்லை. பாடசாலைகள் இந்த ஒரு ஆய்விலிருந்தே நிறையக் கற்கலாம்.

2012 குடிசனக் கணக்கெடுப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு, ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருப்பதாக அது பதிந்தது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, சுயபராமரிப்பு, தொடர்பாடல் என்ற தலைப்புகளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வீட்டார் சொன்ன பதில்கள் அவை. எழுத்துகளைத் தலைகீழாக வாசிக்கும் ஒன்பது வயதுச் சிறுமியோ, ஓரிடத்தில் இருக்க முடியாத ஏழு வயதுச் சிறுவனோ இந்தத் தலைப்புகளுக்குள் எளிதில் அகப்படமாட்டார்கள். பிரித்தானியாவில் 1978இல் வெளியான வோர்னொக் அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளி வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் விசேட கல்வி உதவி தேவைப்படும் என மதிப்பிட்டது. அதன் பார்வையில் இது சில குடும்பங்களின் துயரமாக முடிவதில்லை. ஒவ்வொரு வகுப்பறையின் அன்றாடமாகிறது.

இனி மறுப்பைப் பற்றி. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவர் என்று அம்மம்மா சொல்வதை வைத்தியர்களும் ஆசிரியர்களும் பலமுறை கேட்டிருப்பார்கள். கிரகபலன் பார்ப்பதும் நேர்த்தி வைப்பதும் உண்டு. இவை சிகிச்சைக்கு எதிரானவை என்று முடிவு கட்டுவது தவறு. மயூரபதி அம்மன் கோயிலுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் போய்வரும் அதே தாய்தான் காலை ஆறு மணிக்கே வைத்தியசாலை வரிசையிலும் நிற்கிறாள். கூடப்பிறந்த அக்காவின் கலியாணப் பேச்சு பாதிக்கப்படும் என்ற அச்சமும் கற்பனையன்று. நம் சமூகத்தில் அது நடக்கிறது. மறைத்தல் அறியாமையின் அடையாளமாக இருப்பதைவிட, விளைவுகளை நன்றாக அறிந்திருப்பதன் அடையாளமாக இருப்பதே அதிகம்.

4. அனுமதி அறையின் தர்க்கம்

அரச பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கான சுற்றுநிருபம் இடங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அண்மையில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு 15, கல்வித் துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. ஆறும் பெற்றோரின் நிலையை அளப்பவை. பிள்ளைக்கு என்ன தேவை என்பது இவற்றில் எதற்கும் அளவுகோலாக இல்லை.

கத்தோலிக்கத் தனியார் பாடசாலைகளுக்கு வேறு நடைமுறைகள். காலி வீதியின் இருபுறமும் பெருகியிருக்கும் சர்வதேசப் பாடசாலைகளோ கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகி, கல்வி அமைச்சின் நேரடிப் பிடிக்கு வெளியே நிற்கின்றன. அங்கே பிள்ளையோடு உடனிருக்க ஒரு நிழல் ஆசிரியரை அமர்த்திச் சம்பளத்தைப் பெற்றோரே கொடுப்பது வழக்கமாகி வருகிறது. இடம் கிடைக்கிறது, ஆனால் உரிமையாக அன்று, கட்டணத்துக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியின்போது வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மீறப்பட்டால் மேல் நீதிமன்றத்தை நாடலாம். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சகலருக்கும் கல்வியில் சமவாய்ப்பை அரசின் இலக்காகக் கொள்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்காக வழக்குப் பேசப் போகும் பெற்றோர், வென்றாலும், அடுத்த பதினொரு வருடம் அதே அதிபரின் பாடசாலைக்கே பிள்ளையை அனுப்ப வேண்டும். உரிமையைக் கோருவதும் உறவைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்போது, பெரும்பாலானோர் உறவைத் தெரிவார்கள். அமைதியாக வேறு பாடசாலை தேடுவார்கள்.

கொழும்புத் தமிழருக்கு இதில் இன்னுமொரு படிவு உண்டு. கல்வி ஆய்வுகளில் இது பேசப்படுவதைக் காண்பது அரிது. யுத்த காலத்தில் இங்கே வீடு எடுத்தவர்கள் பொலிஸ் பதிவுப் படிவங்களை நிரப்பியவர்கள். 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தலைமுறைக்கு, அலுவலகம் ஒன்றில் தன்னைப் பற்றிக் கொடுக்கும் தகவல் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி வெறும் கேள்வியன்று. இன்று தரம் 1க்குப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்களில் பலர் அன்று பிள்ளைகளாக அதைப் பார்த்தவர்கள். அவர்கள் பாடசாலைப் படிவத்தில் ஒரு வரியை வெறுமையாக விடும்போது அதில் பழைய பாடம் ஒன்று இருக்கக்கூடும். என் வாசிப்பு இது. நிறுவப்பட்ட முடிவாக இதை முன்வைக்கவில்லை, ஆய்வு செய்யத்தக்க கருதுகோளாக வைக்கிறேன்.

அனுமதிக்குப் பின்னும் அச்சம் தீர்வதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்பதே பாடசாலையின் பெயராகிறது. அந்த எண்ணுக்குள் அகப்படாத பிள்ளையைப் பற்றிப் பேச மூன்றாம் தரத்திலிருந்தே நேரம் இல்லாமல் போகிறது. பார்வைக் குறைபாடு, எழுதுவதில் சிரமம் உள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரமும் எழுதுநர் உதவியும் தரும் ஏற்பாடு பரீட்சைத் திணைக்களத்திடம் உண்டு. அதற்கு அதிபர் வழியாக, வைத்திய அறிக்கையோடு, காலம் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே மறைத்த குடும்பமும் முதல் நாளிலிருந்தே கேட்காத பாடசாலையும் இந்த விண்ணப்பத்தை எப்படிச் சேர்ந்து நிரப்பும்?

5. மூன்று மொழிகளுக்கு நடுவில் ஒரு தாய்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளையின் பேச்சுத் தாமதம் கவனத்துக்கு வந்தால் வழி பொதுவாகப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, ராகமைக்கோ, வசதியிருந்தால் தனியார் வைத்தியசாலைக்கோ செல்கிறது. உரையாடல் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. பாடசாலை தமிழில் இயங்குகிறது. மூன்றையும் இணைக்கும் வேலை தாயின் தலையில் விழுகிறது. அவளுக்கு எந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தே அறிக்கையின் எவ்வளவு பகுதி வகுப்பறையை அடையும் என்பது தீர்மானமாகிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பேச்சு சிகிச்சை அறையின் வாசலை அது இன்னும் முழுமையாக எட்டவில்லை.

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பை 2008இல் தொடங்கியது. நாட்டின் சிகிச்சையாளர் தொகை அதனால் உயர்ந்தது. தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்றும் மிகச் சிலரே. பேச்சைக் கற்பிக்கும் சிகிச்சை பிள்ளையின் வீட்டு மொழியில் இல்லையென்றால், வீட்டில் தொடர்வதற்கு எதுவும் மிஞ்சாது.

இதன் இன்னொரு விளைவு என்னை அதிகம் வருத்துவது. பேச்சுத் தாமதமுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு, வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் என்றால் நல்லது என்ற ஆலோசனை கொழும்பில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை நம்பி, ஆங்கிலம் சரளமாக வராத தாய் பிள்ளையோடு குறைவாகப் பேசத் தொடங்குகிறாள். அம்மம்மாவும் அப்பப்பாவும் மெளனமாகிறார்கள். மொன்றியலில் ஹம்ப்ளியும் ஃபொம்பொனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழிச் சூழலில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளுக்கு ஒருமொழிப் பிள்ளைகளைவிட மேலதிக மொழித் தாமதம் இல்லை என்று கண்டது. அதே ஆண்டையொட்டி வந்த வேறு கனடிய ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. மாதிரிகள் சிறியவை, நம் சூழலில் மீண்டும் செய்து பார்க்கப்பட வேண்டியவை. ஆயினும் தமிழைக் கைவிடச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்ற அளவுக்கு இவை போதும். பாடசாலை இதைப் பெற்றோருக்குச் சொல்லும் நிலையில் இருந்தால் அதுவே பெரிய உதவி.

6. யார் குடும்பம்?

வெள்ளவத்தை மத்தியதர வர்க்கத்தினுடையது, கொட்டாஞ்சேனை உழைப்பாளருடையது என்ற பிரிப்பு அரைகுறை உண்மை. ஹம்டன் ஒழுங்கையின் அடுக்குமாடிகளில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, வன்னியிலிருந்து வந்து பிள்ளையின் சிகிச்சைக்காகவே தங்கியிருக்கும் குடும்பங்கள் உண்டு. ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் வசதியான குடும்பங்களும் உண்டு. இருந்தாலும் பொதுவான ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. துறைமுகத்தை அண்டிய நாட்கூலி வேலை, மலையகத்திலிருந்து வந்த கடைச் சிப்பந்திகள், தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகள் ஆகியவற்றின் நடுவில் வாழும் தாய்க்கு, காலை பத்து மணிக் கூட்டம் ஒரு நாட்சம்பளத்தின் விலை.

அமெரிக்க சமூகவியலாளர் அனெற் லரோ 1989இல் வெளியிட்ட நூலில், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்ற கருத்தை மறுத்தார். அக்கறை சமமாக இருந்தும், அதைப் பாடசாலை அங்கீகரிக்கும் வடிவத்தில் வெளிப்படுத்தும் வளங்கள் மத்தியதர வர்க்கத்திடமே இருந்தன என்று அவர் காட்டினார். கூட்டத்துக்கு வருவது, ஆசிரியரிடம் கேள்வி கேட்பது, அறிக்கையை வாசித்து விளங்குவது ஆகியவையே அந்த வடிவம். வருகைப் பதிவை வைத்துப் பெற்றோரை அளக்கும் நம் அதிபர்கள் லரோவின் முடிவைக் கருத்தில் எடுக்க வேண்டும். வராத தாய் அக்கறையற்றவள் ஆகிவிடமாட்டாள்.

குடும்பம் என்ற வடிவமும் மாறியிருக்கிறது. தகப்பன் கட்டாரில், தாய் கடையில், வளர்ப்பது அம்மம்மா. அல்லது தகப்பன் லண்டனில், விசா வரும்வரை தாயும் பிள்ளையும் வெள்ளவத்தையில். பாடசாலைப் படிவமோ தாய், தந்தை, பாதுகாவலர் என்று மூன்று கோடுகளைத் தருகிறது. பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் அறிந்த அம்மம்மாவைக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

7. பங்காளி என்ற சொல்லுக்குப் பின்னால்

பெற்றோரைப் பங்காளிகளாகக் காணும் கருத்துக்குக் கல்வி இலக்கியத்தில் இரண்டு ஊற்றுகள். ஒன்று சட்டம் சார்ந்தது. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் விசேட தேவையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் வேண்டும் என்றும், அதை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. வோர்னொக் அறிக்கை பெற்றோரைப் பங்காளிகளாகக் கொண்டு ஒரு முழு அத்தியாயத்தையே ஒதுக்கியது. மற்றது ஜோய்ஸ் எப்ஸ்டைன் 1990களில் வகுத்த ஆறு வகைப் பங்கேற்பு: பிள்ளை வளர்ப்பு, தொடர்பாடல், தன்னார்வ உதவி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தல், சமூகத்தோடு கூட்டுறவு.

எப்ஸ்டைனின் ஆறையும் நம் பாடசாலைகளின் மேல் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரியும். சிரமதானம் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பணம் இருக்கிறது. வட்சப் குழுவில் வீட்டுவேலை வருகிறது. முடிவெடுத்தல் மட்டும் இல்லை. அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபரே. அங்கே பேசப்படுவது கூரை, மலசலகூடம், விளையாட்டுப் போட்டி. இவை தேவையானவைதாம். ஆனால் தனி ஒரு பிள்ளையின் கற்றலைப் பற்றி அந்தச் சங்கத்தில் பேச வழியில்லை, பேசுவதும் பொருத்தமன்று. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடங்களைப் பெற்றோருக்குத் தந்தது. எண்ணிக்கை அதிகாரமாக மாறுவதற்கு அதற்கு மேலும் உழைப்பு தேவை என்றாலும், தொடங்கும் இடத்தை அச்சட்டம் நிச்சயித்திருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் வேறொன்று. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், மூளை வாதம் உள்ள பிள்ளையின் தாயான பூனம் நடராஜனின் முயற்சி. 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன் திட்டத்தில் தாயோ வேறொருவரோ பிள்ளையுடன் இருந்து பயிற்சியைக் கற்றுக்கொள்வது அடிப்படை விதி. வீட்டாரை நிபுணராக மதித்த இந்த அணுகுமுறை பல பிள்ளைகளை முன்னேற்றியது. அதே வேளை, தாயின் முழுநாளையும் அது கோருகிறது என்ற விமர்சனத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்த தாய்க்கே அது சாத்தியம். இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் கொட்டாஞ்சேனைத் தாயிடம் அதே மாதிரியைத் திணித்தால், பங்காளி ஆக்குகிறோம் என்று சொல்லி இன்னொரு வேலையையே அவளுக்குக் கொடுத்திருப்போம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதை எல்லோரும் பார்த்தோம். சிகிச்சை, பாடம், பராமரிப்பு மூன்றும் ஒரே பெண்ணின் மேல் இறங்கின.

ஆகவே என் அளவுகோல் எளியது. பாடசாலையுடன் சேர்ந்ததால் குடும்பத்தின் சுமை குறைகிறதா, அதன் சொல்லுக்கு எடை கூடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது பங்காண்மையாகாது.

8. கொழும்பில் இப்போதே செய்யக்கூடியது

பெரிய சட்டத் திருத்தங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் மூன்று ஏற்பாடுகளை இணைத்தாலே பாதி வழி.

ஒவ்வொரு குடும்பத்திடமும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு இருக்கிறது. பிறந்த நாள் முதல் நிறை, தடுப்பூசி, வளர்ச்சிப் படிகள் அனைத்தும் அதில் பதிகின்றன. மாநகர சபை நிலையங்களில் குடும்பநல உத்தியோகத்தர் அதைப் பார்த்து எழுதுகிறார். தமிழிலும் உள்ளது. தகுதி பாராமல் ஏழை, பணக்காரர் எல்லோரிடமும் உள்ள ஒரே ஆவணம் அது. தரம் 1இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அதே தரத்தின் முதல் வாரங்களில் பிள்ளையை இனங்காணும் நிகழ்ச்சித்திட்டம் நடக்கிறது. விளையாட்டு மூலம் ஆசிரியர் பிள்ளையின் திறன்களை அவதானித்துக் குறிப்பெடுக்கும் அருமையான ஏற்பாடு அது. இம்மூன்றும் இன்று மூன்று தீவுகள். இனங்காணும் வாரங்களில் ஒவ்வொரு குடும்பத்துடனும், விசேட தேவை உண்டோ இல்லையோ, இருபது நிமிடம் வகுப்பாசிரியர் தனியாகப் பேசினால் போதும். எல்லோரிடமும் கேட்கும்போது எவரும் அடையாளப்படுத்தப்படுவதில்லை.

அந்தப் பேச்சு அனுமதி உறுதியான பிறகே நடக்க வேண்டும், அதில் சொல்லப்படும் எதுவும் இடத்தைப் பாதிக்காது என்று அதிபர் எழுத்தில் தர வேண்டும். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு கடிதத்தில் தங்கியிருக்கிறது. அதற்குச் செலவு இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளர் நினைத்தால் அடுத்த தவணையிலேயே சாத்தியம்.

தொடர்ந்து பேசுவதற்குக் கூட்டங்களை நம்பத் தேவையில்லை. தமிழில் ஒரு நிமிடக் குரற்பதிவு வாசிக்கத் தெரியாத அம்மம்மாவையும் அடையும். ஆனால் வகுப்பின் பொது வட்சப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி முறையிடுவது உடனே நிற்க வேண்டும். அதைப் போல ஒரு தாயை அந்நியமாக்குவது வேறொன்றுமில்லை. ஆசிரியரின் முதல் செய்தி பிள்ளை செய்த ஏதாவது ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும், செய்யாததைப் பற்றியது இரண்டாவதாக வரட்டும்.

ஆசிரியரின் பக்கமும் நியாயம் தேவை. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் விசேட கல்விப் பயிற்சிகளை நடத்துகிறது. பயிற்சி பெற்றவர் திரும்பி வந்து அதே நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்றால் பயிற்சி பயனற்றுப் போகும். பெற்றோருடன் பேசும் நேரம் அவருடைய நேரசூசியில் பாடவேளையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் ஆசிரியையின் நல்லெண்ணத்தில் ஒரு அமைப்பு நிற்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இயங்கும் நம் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கு. மண்டபங்களுக்கும் மைதானங்களுக்கும் ஆண்டு மலர்களுக்கும் நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள். தமிழ் மொழிமூலம் படித்த ஒரு மாணவி ராகமையில் பேச்சு சிகிச்சை படித்து முடிக்க ஒரு புலமைப்பரிசிலைத் தாருங்கள். வைத்திய அறிக்கைகளைத் தமிழாக்கி வகுப்பாசிரியருக்கு விளக்கக்கூடிய ஒருவரை, இரண்டு மூன்று பாடசாலைகளுக்குப் பொதுவாக, சம்பளத்தோடு நியமியுங்கள். உங்கள் வகுப்பிலும் அப்படியொரு பிள்ளை பின்வரிசையில் இருந்திருப்பார். அவருடைய தாயை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. இந்த ஆண்டு தரம் 1இல் சேரும் பிள்ளையின் தாயையாவது கூப்பிட்டுப் பேச வழி செய்யுங்கள்.